வெந்நீரைக் கடந்து மேலே போனவர்கள்

மலையடி ஊர்கள் – 6

மலையும், மலையின் அடிவாரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு பொங்கும் வெந்நீரும், அதற்குச் சமீபத்தில் ரயில் நிலையமும், திட்டமிட்டுக் கட்டிய அழகான ஊர் ஒன்றும் ஒருசேர அமைந்த பிரதேசம் ஐரோப்பாவில் எந்த மூலையிலாவது இருந்திருக்குமானால், அங்கே எப்போதோ ஸ்நான மண்டபங்களும் சங்கீத சபைகளும் சூதாட்ட விடுதிகளும் எழும்பி, வாதரோகம் கண்டவர்களும், ரோகம் எதுவுமின்றிப் பணம் மாத்திரம் மிகுந்தவர்களும் பருவந்தோறும் வந்து மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். இங்கிலாந்தில் பாத் என்ற நகரம் ஏறக்குறைய 46 டிகிரி உஷ்ணமுள்ள ஓர் ஊற்றை நம்பியே ரோமானியர் காலம் தொட்டு வளர்ந்தது; ஜெர்மனியின் பாடன் பாடன் நகரத்தின் கதையும் அதுதான். நம்முடைய உலு சிலாங்கூரில் இந்த நான்கும் இருந்தும் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் போனதன் காரணம், அங்கே ஒரு பகற்பொழுது சுற்றிவருகிறவனுக்குத் தானாகவே விளங்கும்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு மோட்டார் வண்டியைவிட ரயிலே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். கிள்ளான் துறைமுகத்திலிருந்து தஞ்சோங் மாலிமுக்குப் போகும் கம்யூட்டரில் காலையில் பசியாறிவிட்டு ஏறி உட்கார்ந்தால், பிரிக்பீல்ட்ஸ் நெரிசலையும் கோலாலம்பூரின் முதுகுப்புறத்தையும் கடந்து, ரவாங்கை விட்ட பிறகு செரண்டா, பத்தாங்காலி, ராசா என்று நிலையங்கள் வரிசையாக வர, வலப்பக்கத்து ஜன்னலில் தித்திவங்சா மலைத்தொடர் மேகத்தோடு மேகமாக எழும்பிக்கொண்டே வருகிறது. கோலகுபு பாரு நிலையத்தில் இறங்கினவுடனே ஊர் வந்துவிடாது. அது சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. வாடகைக் கார் பிடித்துத்தான் போகவேண்டும்.

இந்த ஊருக்கும் தண்ணீருக்கும் உள்ள பந்தம் விசித்திரமானது. பழைய கோலகுபு, ஈயச் சுரங்கங்களால் செழித்த ஊர். அதற்கு மேலே மலாய் மக்கள் முற்காலத்தில் கட்டிய பெரிய அணை ஒன்று இருந்தது. 1883-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், பெருமழைக்குப் பின்பு அந்த அணை உடைந்து, வெள்ளம் ஊரை வாரிக்கொண்டு போனதில், அங்கே அதிகாரியாக இருந்த செசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்காரரும் மாண்டுபோனார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதனாலேயே இந்த அனர்த்தம் விளைந்தது என்று கம்பத்து ஜனங்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. முதலை இருந்ததோ இல்லையோ, மலையையும் நீரையும் அறியாமல் அதிகாரம் செலுத்த வந்தவனைப் பற்றி அந்த ஜனங்கள் என்ன எண்ணினார்கள் என்பதற்கு அரசாங்க அறிக்கைகளைக் காட்டிலும் அந்தக் கதையே நல்ல சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊர் மறுபடியும் எழும்பியது. ஆனால் தண்ணீர் அதை விடவில்லை. மேலே மலைச்சரிவுகளில் ஈயம் தோண்டிக் கழுவிய மணலும் சேறும் ஆற்றில் இறங்கி, ஆற்றின் படுகை ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, மழைக்காலம் வந்தால் கடைவீதி வெள்ளக்காடாவது வழக்கமாகிவிட்டது. முதல் தடவை ஒரே வீச்சில் செய்ததை இரண்டாவது தடவை தண்ணீர் சாவகாசமாகச் செய்தது. கடைசியில் அரசாங்கமே தோல்வியை ஒப்புக்கொண்டு, ஊரைப் பெயர்த்து மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோகத் தீர்மானித்தது. நியூசிலாந்தில் பிறந்து, தென் ஆஸ்திரேலியாவில் நகரங்களைத் திட்டமிட்டு, 1921-ல் கூட்டரசு மலாய் மாநிலங்களுக்கு வந்து சேர்ந்த சார்ல்ஸ் ரீட் என்பவர், தோட்ட நகரக் கொள்கையில் தமக்கிருந்த பற்றையெல்லாம் இந்தச் சிற்றூரின் மீது இறக்கிவைத்தார். கடைவீதி ஒரு பக்கம், அரசாங்கக் காரியாலயங்களும் உத்தியோகஸ்தர் வீடுகளும் வேறொரு பக்கம், நடுவில் பசும்புல் திடல் என்று அவர் விட்ட இடைவெளி இன்றும் பெருமளவில் பாழாகவில்லை. 1952-ஆம் ஆண்டளவில் எபிங்ஹாம் தோட்டத்துப் பால்மரங்களை வெட்டித் திட்டமிட்டு எழுப்பிய நம்முடைய பெட்டாலிங் ஜெயாவில் குடியிருந்துகொண்டு, அதற்கு ஒரு தலைமுறை மூத்த இந்த ஊரின் திடலைப் பார்க்கும்போது பொறாமை எழாமல் இராது. பழைய ஊர் இருந்த இடத்துக்கு இப்போது அம்பாங் பெச்சா என்று பெயர்.

ஊரைப் பார்த்த பிறகு, டிரங்க் ரோட்டில் வடக்கே தஞ்சோங் மாலிம் திசையில் போனால் வருவது கெர்லிங். அங்கேதான் வெந்நீரூற்று. பாத் நகரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆடம்பரம் ஏதுமில்லாத தொட்டிகள், அவற்றைச் சுற்றி நம்மவர், சீனர், மலாய்க்காரர் என்ற பேதமின்றி முழங்கால்வரை துணியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்கள், அவ்வளவுதான். இங்கே எரிமலை எதுவும் கிடையாது. மலைத்தொடரின் கருங்கல்லில் உள்ள வெடிப்புகளின் வழியே மழைநீர் வெகு ஆழத்துக்கு இறங்குகிறது; கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை பூமியின் உஷ்ணம் கூடிக்கொண்டே போவதால் அந்த நீர் காய்ந்து, பிளவுகள் கண்ட இடத்தில் மறுபடியும் மேலே ஏறிவருகிறது. தீபகற்பத்தின் வெந்நீரூற்றுகளில் பெரும்பாலானவை இந்தக் கருங்கல் மலைகளை ஒட்டியே இருப்பதற்கு இதுவே காரணம். நாம் காலை நனைக்கும் நீர் என்றைக்கோ பெய்த மழை.

தொட்டியில் அவசரமாக இறங்கப்போன என்னை ஓர் அம்மாள் தடுத்தார். “தம்பி, மொதல்ல காலை மட்டும் வைங்க. ஒரேடியா எறங்கினா மயக்கம் வந்துரும்.” பால்மரக்காட்டில் வேலை செய்து முடித்த முழங்கால்கள் அவருடையவை. “கிளினிக்குல குடுக்கிற மருந்தும் சாப்பிடுறேன், இதுலயும் வந்து உக்காருறேன். எது கேக்குதோ கேக்கட்டும்” என்றார். வெந்நீர் மூட்டுவலிக்குத் தற்காலிகமாகச் சுகம் தரும் என்பதற்கு மேல் எந்த வைத்திய சாஸ்திரமும் உறுதி சொல்லாத நிலையில், அந்த அம்மாளின் யுக்தி விவேகமுள்ளதே.

இந்த ஊற்றை ஸ்நான நகரமாக்க வெள்ளைக்காரர்களுக்கு ஏன் தோன்றவில்லை? குளிர்தேசத்தில் வியாதிக்குப் பரிகாரம் உஷ்ணம். உஷ்ணதேசத்துக்கு வந்து வேர்த்துக் களைத்தவனுக்கோ பரிகாரம் குளிர். ஆகவே அவர்களுடைய கண் கீழே கொதிக்கும் நீரின்மேல் விழாமல் மேலே மூடுபனியின்மேல் விழுந்தது. லூயி ஜேம்ஸ் பிரேசர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஈயம் தேடி ஏறி, பிறகு எங்கே போனார் என்பதே தெரியாமல் மறைந்துபோன மலையை 1922-ல் வாசஸ்தலமாகத் திறந்தார்கள். அதற்குப் போகும் பாதை கோலகுபுவைத் தொட்டுக்கொண்டு போயிற்று. துரைமார்கள் வெந்நீரைக் கடந்து மேலே ஏறினார்கள். வெந்நீர், தோட்டத்து லயங்களில் இருந்தவர்களுக்கும் கம்பத்து மக்களுக்கும் மிஞ்சியது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் முழுகும் வழக்கமுள்ள நம்மவர்களுக்கு அதன் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஈழத்தில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு இராவணன் கதையைச் சூட்டிப் போற்றிவரும் ஜாதியல்லவா நாம்! கெர்லிங்குக்குப் புராணம் எதுவும் வாய்க்காதது ஒன்றுதான் குறை.

மேலே ஏறிய அந்தப் பாதையில்தான் 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுகளால் சுட்டுக்கொல்லப்பட்டார். அதே பாதையில், இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் கட்டி முடித்த சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்ப்பரப்பு இன்று நிற்கிறது. அதற்காக பெராத்தாக், கெராச்சி என்ற தெமுவான் பூர்வகுடிக் கிராமங்கள் இரண்டை இடம்பெயர்த்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வரும் குடிநீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றினுடையது. ஆகையால் மலைநீரில் குளிப்பதற்கென்று இவ்வளவு தூரம் வருகிற பெட்டாலிங் ஜெயாவாசி, வீட்டுக் குழாயைத் திருகும்போதும் பெரும்பாலும் இதே மலையின் நீரில்தான் குளிக்கிறான். ஊரைப் பெயர்க்கவைத்த தண்ணீருக்காக இன்னும் ஊர்கள் பெயர்கின்றன என்பதை அணைக்கட்டின்மேல் நின்று படம் பிடிப்பவர்கள் அறிவார்களோ என்னவோ.

கெர்லிங்கில் பெண்கள் உடைமாற்றுவதற்கு மறைவான, சுத்தமான இடம் தேவை. கிழவர்கள் வழுக்கி விழாதபடி படிகளில் கைப்பிடி தேவை. இவ்வளவையும் செய்துகொடுத்துவிட்டு, மேற்கொண்டு எதையும் கட்டாமல், நுழைவுக்கட்டணம் என்று பத்து இருபது வெள்ளி கேட்காமல் விட்டுவிட்டால் அதுவே பெரிய உபகாரம். பிரேசர் மலைக்கு அன்று மாலைக்குள் ஏறித் திரும்ப நேரம் போதாது. அது ஓரிரவு தங்கிப் பார்க்கவேண்டிய ஸ்தலம். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)