கார்த்திகை வருமுன் கூரையை இறுக்குவோம்

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை எமது பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. 900 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி சரிந்தது. 2000ஆம், 2020ஆம் ஆண்டுகளில் திருகோணமலைப் பக்கம் கரைதட்டியவை டிசெம்பரில் வந்தன. ஆகவே மாரி தொடங்குமுன்பே நாம் ஆயத்தமாக வேண்டும்.

இடம்பெயர்ந்த நாம் பலர் கொட்டில்களில் இருக்கிறோம். ‘நாளைக்கே ஊர் திரும்பலாம், இதற்கேன் மினக்கெடுவான்?’ என்று கப்பை ஒரு முழம் மட்டும் தாட்டு, கூரையைப் பேருக்குக் கட்டிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கூரைக்கு மேலால் விரைந்து செல்லும் காற்று அதை மேல்நோக்கி இழுக்கிறது. வாசலால் புகுந்த காற்று உள்ளிருந்து தள்ளுகிறது. இரண்டும் சேரக் கூரை குடைபோலக் கிளம்பிவிடும். தகரத்தின்மேல் கல்லும் கட்டையும் ஏற்றுவதால் பயனில்லை. அவை பறந்து அயல்வீட்டுப் பிள்ளையின் தலையில் விழும். கைமரத்தை வளையோடும், வளையைக் கப்போடும் இரட்டைக் கம்பியால் இறுக்கிக் கட்டுவோம். கப்பின் அடியில் குறுக்குத்தடி ஒன்றை அடித்து, இரண்டரை அடி ஆழத்தில் தாட்டு மண்ணை நன்றாக இடிப்போம். கிடுகுக் கூரையானால் பழைய மீன்வலையை மேலே விரித்து முளைகளில் கட்டலாம், செலவில்லாத வேலை.

இவ்வளவு செய்தாலும் பெருஞ்சூறாவளிக்குக் கொட்டில் தாங்காது. வானொலி எச்சரித்தவுடன், பொழுதுபடுமுன், கல்வீடு, பாடசாலை, கோவில் என்று உறுதியான கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். நடுவில் காற்று திடீரென ஓய்ந்தால் முடிந்துவிட்டதென்று வெளியே வரவேண்டாம். அது சூறாவளியின் கண். சற்றுநேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்பும்.

விதைநெல்லைப் பரணில் ஏற்றிவைப்பது எமது வழக்கம். வெள்ளத்துக்கு அது சரி. சூறாவளிக்கோ கூரையோடு நெல்லும் போகும். மூடியுள்ள பிளாஸ்டிக் பரலில் இட்டு முற்கூட்டியே கல்வீடொன்றில் ஒப்படைப்போம். காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி, வீட்டில் ஒருவர் உடலோடு கட்டிக்கொள்ளட்டும். உறுதி தொலைந்தால், ஊர் திரும்பும்போது எமது காணியை எமதென்று காட்டவே அலைய நேரிடும்.

மாட்டைக் கட்டையில் விட்டுப் போகவேண்டாம். கயிற்றை அவிழ்த்து மேட்டுப்பக்கம் துரத்திவிட்டால் அது தன்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். நடக்கமாட்டாத முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் எந்தக் குடும்பம் கூட்டிச் செல்வதென்பதை இந்த வாரமே கூடிப் பேசிப் பெயர் குறித்துக்கொள்வோம்.