விரல் சூப்பும் பிள்ளையும் தூக்கிய பல்லும்

"கை சூப்பாதே, பல்லு தூக்கிக்கும்!" என்று பாட்டி அதட்டாத தமிழ் வீடு அரிது. அந்தமானில் குடியேறியிருக்கும் நம்மவர் வீடுகள் பலவற்றில் அப்படி அதட்டப் பாட்டி இல்லை. அவர் மதுரையிலோ இராமநாதபுரத்திலோ இருக்கிறார். அப்பா ஆபீசுக்கும் அம்மா வேலைக்கும் போய்விட, பிள்ளை கட்டை விரலோடு தூங்கிப் போகிறது. ஏழெட்டு வயதில் முன்பற்கள் முளைத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் பெற்றோருக்குக் கவலை பிறக்கிறது.

பாட்டி சொன்னது பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. விரல் சூப்புவது குழந்தைக்கு இயற்கை. தாய் வயிற்றிலேயே சிசு விரலை வாயில் வைத்திருப்பதை ஸ்கேன் படத்தில் காணலாம். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் தாமாகவே விட்டுவிடுகின்றன. அதுவரை பயப்பட வேண்டியதில்லை. பால் பல் இருக்கும் வயதில் ஏற்பட்ட கோணல், பழக்கம் நின்றால் பெரும்பாலும் தானாகவே நேராகிவிடும். ஆறு வயதில் நிலையான முன்பற்கள் முளைக்கத் தொடங்கிய பிறகும் விரல் வாயை விட்டு இறங்கவில்லையென்றால்தான் சங்கடம்.

விரல் செய்யும் வேலை

பல் எலும்பில் ஆணி அடித்தது போல் அசையாமல் இருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியன்று. மெல்லிய அழுத்தமும் நாள்தோறும் பல மணி நேரம் தொடர்ந்தால் பல் நகரும். ஓங்கிச் சப்பிவிட்டு உடனே விரலை எடுத்துவிடும் பிள்ளையைவிட, இரவு முழுதும் சும்மா வாயில் வைத்துக்கொண்டு தூங்கும் பிள்ளைக்கே கேடு அதிகம். ஒரு நாளில் சுமார் ஆறு மணி நேரம் என்பது டாக்டர்கள் சொல்லும் எல்லைக் கணக்கு.

கட்டை விரல் மேல் முன்பற்களை வெளிப்புறம் தள்ளுகிறது; கீழ்ப் பற்களை உட்புறம் சாய்க்கிறது. வாய் திறந்தே இருப்பதால் கடைவாய்ப் பற்கள் சற்றுக் கூடுதலாக வளர்ந்துவிடுகின்றன. பின்னால் ஒரு மில்லி மீட்டர் வளர்ந்தால் முன்னால் ஏறக்குறைய இரண்டு மில்லி மீட்டர் இடைவெளி விழும். பிள்ளை வாயை மூடிக் கடித்தாலும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. சப்பாத்தியை முன்பல்லால் கடித்து இழுக்க முடியாது. இது போதாதென்று, நாக்கு கீழே இறங்கிவிட, கன்னத் தசைகள் இரு பக்கமும் அழுத்தி மேல் தாடையைக் குறுக்கிவிடுகின்றன. அந்த இடைவெளியில் நாக்கு நுழைந்து பழகிவிட்டால், விரலை விட்ட பின்பும் ஓட்டை மூடுவதில்லை. 'ச', 'ஸ' ஓசைகள் குழறும். வெளியே நீட்டிய பல், விளையாட்டில் விழும்போது முதலில் உடையும். பெண் பிள்ளையானால் வரன் பார்க்க வருகிறவர்கள் சொல்லும் வார்த்தை வேறு!

தூக்கிய பல் எல்லாவற்றுக்கும் விரல்தான் காரணம் என்று பிள்ளையை ஏசுவதும் நியாயமல்ல. பரம்பரைத் தாடை அமைப்பு, மூக்கடைப்பால் வாய் வழியே மூச்சு விடுவது ஆகியவையும் காரணமாகும். டாக்டர் பார்த்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

அடி வேண்டாம்

வேப்பெண்ணெய் தடவுவதும், விரலில் சூடு போடுவேன் என்று மிரட்டுவதும் நம்மிடம் பழைய வைத்தியம். இவற்றால் பிள்ளை பயந்து ஒளிந்து சூப்பத் தொடங்கும். முதல் வழி பேச்சுதான். நிறுத்த விரும்பும் பிள்ளைக்கு நாட்காட்டியில் சூப்பாத நாளுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு, வாரக் கடைசியில் பரிசு தரலாம். இரவில் முழங்கையைச் சுற்றி எலாஸ்டிக் பட்டையைத் தளர்வாகச் சுற்றினால், கை வாய்க்கு மடங்கும்போது பட்டை நினைவூட்டும்.

அதற்கும் மசியாவிட்டால், மேல் கடைவாய்ப் பற்களில் வளையம் மாட்டி, அண்ணத்தின் முன்பக்கம் சிறு கம்பி வேலி அமைப்பார்கள். விரல் வைத்தால் பழைய சுகம் கிடைக்காது. முதல் சில நாட்கள் பேச்சு குழறும், சோறு சிக்கும், பிறகு பழகிவிடும். பழக்கம் நின்ற பிறகும் சில மாதம் அதை விட்டுவைப்பார்கள். குறுகிய தாடையை விரிக்கவும் கம்பிக் கருவி உண்டு. எலும்பு வளரும் வயதில் அது எளிது, பெரியவரானபின் கடினம்.

நிலையான பற்கள் முளைத்தபின் மிஞ்சும் கோணலுக்குத்தான் எல்லோரும் அறிந்த 'கிளிப்' வைத்தியம். அமெரிக்க டாக்டர் எட்வர்டு ஆங்கிள் 1899-ல் பற்கடிக் கோளாறுகளை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டியதிலிருந்து இது தனித் துறையாக வளர்ந்தது. நம் நாட்டில் 1920-ல் கல்கத்தாவில் டாக்டர் ஆர். அகமது முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். இத்துறை நிபுணர்களின் இந்திய சங்கம் 1965-ல் ஏற்பட்டது.

கடலுக்கு அப்பால் மாதாந்திரப் பயணம்

தீவுத் தமிழனுக்குத் தலைவலி கருவியல்ல, தூரம். கிளிப் வைத்தியம் சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஓடும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை டாக்டரைப் பார்த்துக் கம்பியைச் சரி செய்துகொள்ள வேண்டும். சென்னையில் கிளிப் மாட்டிக்கொண்டு திரும்பினால், ஒவ்வொரு முறையும் 1,300 கிலோ மீட்டருக்கு மேல் கடல். கப்பலில் மூன்று நாள் ஆகும், விமானக் கட்டணமோ சம்பளத்தை விழுங்கும். குமாஸ்தாவுக்கு எல்.டி.சி. உண்டுதான், சொந்த ஊருக்கு இரண்டாண்டுக்கு ஒரு தரம் கிடைக்கும் சலுகையை மாதாமாதம் நீட்ட முடியுமா? கச்சாலிலோ டிக்லிப்பூரிலோ இருப்பவருக்கு, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேருக்கு வருவதே ஒரு பயணம்.

ஆகவே ஊருக்குப் போன விடுமுறையில், உறவினர் சொன்னார் என்று அவசரமாகக் கம்பி மாட்டிக்கொள்வது புத்திசாலித்தனம் அல்ல. ஐந்தாறு வயதிலேயே ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரியிலோ அருகிலுள்ள வேறு ஆஸ்பத்திரியிலோ பல் டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளிப் தேவையென்றால், மாதாந்திரப் பார்வை எங்கே, யார் பார்ப்பார் என்பதைத் தீர்மானித்த பிறகே தொடங்கலாம். எக்ஸ்ரே படங்களையும் பல் அச்சு மாதிரிகளையும் கேட்டு வாங்கி வைத்தால், மாற்றலாகிப் போகும் ஊரில் வேறு டாக்டர் தொடர உதவும். கம்பி முனை கன்னத்தில் குத்தினால் வைக்கச் சிறிது மெழுகும் கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் கப்பல் தள்ளிப்போகும் நாட்களில் அது பெரிய உதவி.

கிளிப்பைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். நகர்ந்த பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கக் கழற்றி மாட்டும் தகடு ஒன்று தருவார்கள். சாப்பாட்டுக்காக அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்து, எச்சில் இலையோடு எறிந்துவிடும் பிள்ளைகள் உண்டு. தகட்டோடு கொடுக்கும் டப்பாவைப் பிள்ளையின் பள்ளிப் பையிலேயே போட்டு வைப்பது நல்லது.