பத்துமலைத் தேன் வௌவாலின் மரபேடு

பத்துமலைப் படியேறுவோர், அருகிலுள்ள இருட்குகையில் வௌவால்கள் வாழ்வதை அறிவர். அவற்றுள் ஓரினம் மலர்த்தேன் உண்டு வாழ்வது. 1871-இல் டாப்சன் என்பார் இவ்வினத்தை முதன்முதலாக விவரித்தார். 2018-இல் சிங்கப்பூர் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி அறிவியலார் முதலியோர் இதன் மரபணுத் தொகுதியைப் படித்து வெளியிட்டனர்.

மரபணுத் தொகுதி என்பது உயிரணுவினுள் உள்ள ஏடு. அதன் எழுத்துகள் நான்கே. இவ்வௌவாலின் ஏட்டில் ஏறத்தாழ 200 கோடி எழுத்துகள் உள்ளன. மனிதனுடையதில் 300 கோடி. இதனை ஒரே தொடராகப் படிக்க இயலாது. துண்டுகளாகப் படித்து, ஒன்றின் இறுதி மற்றொன்றின் முதலோடு ஒத்திருப்பது கண்டு கோக்க வேண்டும். சிதைந்த ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பது போன்றதே இப்பணி. ஒரே வரி பலமுறை மீண்டும் வருமாயின், சிறு துண்டு எவ்விடத்துக்குரியது என்பது விளங்காது. ஆதலால் ஒரே மூச்சில் பல்லாயிரம் எழுத்துகளைப் படிக்கும் புதுமுறை கையாளப்பட்டது.

இதன் பயன் யாது? 1998-99-இல் பரவிய நிப்பா நோய்க்கு மலேசியாவில் 105 பேர் பலியாயினர். பெரிய பழந்தின்னி வௌவால்களிடமிருந்து பன்றிகளுக்கும், பன்றிகளிடமிருந்து மனிதருக்கும் அக்கிருமி தொற்றியது. வௌவால்களோ நலிவுறவில்லை. அந்தத் தாங்கும் ஆற்றலின் காரணத்தை மரபேடுகளை ஒப்பிட்டு அறியலாம். அழற்சியைத் தூண்டும் மரபணுக் குடும்பம் ஒன்று வேறு இரு வௌவாலினங்களில் இல்லை என்பது 2013-இல் தெரியவந்தது.

ஆயினும் ஏடு கூறாத செய்தியும் உண்டு. துரியன், பெத்தாய் மரங்களின் மலர்கள் இரவில் விரிவன. அவற்றின் மகரந்தத்தைச் சுமப்பதில் இத்தேன் வௌவாலுக்குப் பெரும்பங்கு உண்டு. துரியன் பூப்பதோ சில வாரங்களே. மற்ற நாளில் உணவு எங்கே? ஸ்டார்ட், மார்ஷல் ஆகிய இருவர் 1976-இல் விடை வெளியிட்டனர். கடலோரச் சதுப்புக் காடுகளில் ஆண்டு முழுதும் பூக்கும் மரங்களை நாடி, இவை பத்துமலையினின்று ஏறத்தாழ 38 கிலோமீட்டர் பறந்து செல்கின்றன.

கோலசிலாங்கூர் ஆற்றங்கரையில் மின்மினிகள் ஒளிரும் பெரெம்பாங் மரமும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. அங்கு 1987-இல் இயற்கைப் பூங்கா அமைந்தது. சதுப்புக் காடு அழியின் வௌவால் பட்டினியுறும்; வௌவால் குன்றின் உள்நாட்டுத் துரியன் காய்ப்புக் குறையும். எழுத்துகளைப் படித்துப் பெட்டகத்தில் காக்கலாம். அவ்வுயிர் செய்யும் தொழிலைக் காப்பதற்குக் குகையும் வேண்டும், கடலோரக் காடும் வேண்டும்.