ஒரு அடி தாண்டிய மின்சாரம்

ஒரு புகைப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெட்டியின் உட்புறம். வலப்பக்கம் குட்டிக் குட்டி ஆன்டெனாக்கள் பதித்த தகடு. அதற்கு எதிரே, இடப்பக்கம், இரண்டு வாங்கிகள். நடுவில் ஒரு அடி இடைவெளி. அவ்வளவுதான் படம். ஆனால் எடுத்த இடம் பூமியில் இல்லை! வலப்பக்கத்திலிருந்து கிளம்பிய சக்தி, கம்பி எதுவும் இல்லாமல் அந்த ஒரு அடியைத் தாண்டி, எதிரே போய் மின்சாரமாக மாறி, ஒரு ஜோடி எல்.இ.டி. விளக்குகளை எரிய வைத்தது. 2023 மார்ச் 3 அன்று நடந்தது இது.

விண்வெளியில் சூரிய ஒளியைப் பிடித்து பூமிக்கு அனுப்பும் யோசனை புதிதல்ல. பொறியாளர் பீட்டர் கிளேசர் 1968இலேயே அதற்கு அறிவியல் வடிவம் கொடுத்துவிட்டார். 1975இல் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தின் கோல்ட்ஸ்டோனில் ஒரு ராட்சத டிஷ்ஷை வைத்து, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி 30 கிலோவாட்டுக்கு மேல் மைக்ரோவேவாக அனுப்பியும் பார்த்துவிட்டார்கள். நம் அப்துல் கலாம்கூட 2010இல் அமெரிக்காவின் தேசிய விண்வெளிக் கழகத்தோடு கைகோத்து இதற்காகக் குரல் கொடுத்தார். மேலே மேகம் கிடையாது, நல்ல சுற்றுப்பாதை கிடைத்தால் ராத்திரியும் கிடையாது; யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் டன் கணக்கில் இரும்பையும் தகட்டையும் மேலே கொண்டுபோவது யார் என்ற கேள்வியில் எல்லாம் நின்றுவிடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் கலிபோர்னியாவின் பசடேனாவில் இருக்கும் கால்டெக் பல்கலைக்கழகக்காரர்கள். ரியல் எஸ்டேட் அதிபர் டொனால்ட் பிரென் இளம் வயதில் ஒரு அறிவியல் பத்திரிகையில் இந்த யோசனையைப் பற்றிப் படித்துவிட்டு மறக்காமலே இருந்திருக்கிறார். 2011இல் கால்டெக் தலைவரைத் தேடிப் போனார்; அவர் குடும்பம் கொடுத்தது பத்து கோடி டாலருக்கும் மேல். ஒரு பத்திரிகைக் கட்டுரை எங்கே போய் முளைக்கிறது பாருங்கள்! அலி ஹாஜிமிரி, ஹாரி அட்வாட்டர், செர்ஜியோ பெல்லெக்ரினோ ஆகிய மூன்று பேராசிரியர்கள் வேலையில் இறங்கினார்கள். சுமார் 50 கிலோ எடையுள்ள சோதனைக் கருவி 2023 ஜனவரி 3 அன்று ஃபால்கன் ராக்கெட்டில் ஏறிப் போனது.

அதற்குள்தான் முதலில் சொன்ன பெட்டி. அந்தப் பெட்டிக்குள் நடந்தது என்ன? ஹாஜிமிரி குழு செய்த அனுப்பிக்கு மேப்பிள் என்று பெயர். அதில் திரும்புகிற, அசைகிற பாகம் எதுவுமே இல்லை. ஒவ்வொரு ஆன்டெனாவும் தன் அலையை எப்போது கிளப்ப வேண்டும் என்பதைச் சிலிக்கான் சிப்புகள் முடிவு செய்கின்றன. ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக்கினால் கிடைப்பதைவிடச் சின்ன இடைவெளிகள் அவை. அந்தக் கணக்கு சரியாக இருந்தால் வேண்டிய இடத்தில் அலைகள் ஒன்றுசேர்ந்து வலுக்கும், மற்ற இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கணக்கை மாற்றினால் கற்றை முதல் வாங்கியை விட்டு இரண்டாவதுக்குப் போய்விடும். எனக்குப் புல்லரித்தது இங்கேதான்!

அந்தப் பெட்டியில் ஒரு சின்ன ஜன்னலும் உண்டு. மே 22 அன்று அதன் வழியாகக் கற்றையைப் பூமியை நோக்கித் திருப்பினார்கள். கால்டெக்கின் மூர் ஆய்வகக் கட்டடத்து மொட்டைமாடியில் வாங்கி காத்திருந்தது. எதிர்பார்த்த நேரத்தில், எதிர்பார்த்த அலைவரிசையில் சமிக்ஞை வந்தது. சுற்றுப்பாதையில் விரைகிற கருவியிலிருந்து வரும் அலைக்கு எவ்வளவு அலைவரிசை மாற்றம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டிருந்தார்கள், அதுவும் பொருந்தியது. அதைவிட நல்ல சான்று வேண்டுமா? விளக்கு எரிக்கப் போதாத துளிதான். ஆனால் வந்தது மேலிருந்து!

பெல்லெக்ரினோவின் குழுவுக்குத்தான் வயிற்றில் புளி கரைந்திருக்கும். அதே கருவியில் பாய்போலச் சுருட்டி வைத்த டோல்ச்சே என்ற மெல்லிய சட்டம், விரிந்தால் கிட்டத்தட்ட ஆறடிக்கு ஆறடி. செப்டம்பர் 29 அன்று விரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு கம்பி சிக்கிக்கொண்டது. விரிப்பது நின்றது, ஒரு இணைப்பும் சேதமானது. மேலே போய் யார் எடுத்துவிடுவது? கேமரா படங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். ஆய்வகத்தில் அதே அளவில் ஒரு மாதிரி இருந்தது, அதில் சோதித்தார்கள். வெயில் பட்டுச் சூடேறினால் சட்டம் இன்னும் நன்றாக விரியும் என்று தெரிந்தது. சூரிய மின்சாரத்துக்காகப் போன கருவிக்கு சூரியனே கை கொடுத்தது! அப்புறம் இன்னொரு சிக்கல்: சட்டத்தின் ஒரு பகுதி, விரிக்கும் பொறியின் அடியில் மாட்டிக்கொண்டது. சோதனைகளில் ஒருமுறைகூட வராத சிக்கல். அதையும் தரையில் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்து வழி கண்டார்கள். பொறியை இயக்கிச் சட்டம் முழுவதையும் அதிர வைத்தார்கள், விடுபட்டது.

கருவியில் அட்வாட்டர் குழுவின் பகுதியில் இருந்தவை 32 வகை சூரிய மின்கலங்கள். அவற்றில் காலியம் ஆர்சனைடு கடைசிவரை நிதானமாக உழைத்தது. விலை குறைவு என்று எல்லோரும் நம்பியிருக்கும் பெரோவ்ஸ்கைட் ஏறியும் இறங்கியும் ஆடியது.

மேப்பிளை மட்டும் நிம்மதியாக ஓய்வெடுக்க விடவில்லை. வந்த காரியம் முடிந்த பிறகு, மாதக்கணக்கில் அதைத் திரும்பத் திரும்ப இயக்கி, எங்கே தளர்கிறது என்று தேடினார்கள். சில பாகங்களில் மின்சாரமும் வெப்பமும் ஒன்றையொன்று பாதிப்பது பிடிபட்டது. அடுத்த மேப்பிளின் வரைபடத்தில் அதற்கான திருத்தங்களைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.