ரயில் நிலைய வாசலில் ஒரு வீட்டுக் கூடம்

லண்டன் மாநகரின் தென்பகுதியில் உள்ளது பிரிக்ஸ்டன் சுரங்க ரயில் நிலையம். விக்டோரியா மார்க்கத்தின் கடைசி நிலையமான இது 1971-ல் திறக்கப்பட்டது. காலையும் மாலையும் வேலைக்குப் போய் வருகிறவர்களின் கூட்டம் அலைமோதும் இடம். 2018-ம் ஆண்டு இந்த நிலையத்தின் வாசலில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், மிகப் பெரிய ஓவியம் ஒன்று வைக்கப்பட்டது. மறு ஆண்டு வரை அது அங்கே இருந்தது.

ஓவியத்தில் காணப்படுவது ஒரு வீட்டுக் கூடம். கறுப்பு இனத்தைச் சேர்ந்த சிலர் அங்கே கூடியிருக்கிறார்கள். விடுமுறை நாள் பிற்பகலில் உறவினர் வீட்டில் நாலு பேர் கூடினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு காட்சி. ஓவியத்தின் பெயர் 'ரிமெயின், த்ரைவிங்'. இருந்த இடத்திலேயே இருந்து தழைப்பது என்று பொருள் கொள்ளலாம்.

வரைந்தவர் ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி. நைஜீரியாவில் பிறந்து, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வசிக்கும் பெண்மணி.

கப்பலில் வந்தவர்கள்

அந்தக் கூடத்தில் இருப்பவர்கள், கடல் கடந்து பிழைக்க வந்த ஒரு தலைமுறையின் பேரப்பிள்ளைகள்.

1948-ம் ஆண்டு ஜூன் 22-ந் தேதி, 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலில் இருந்து நூற்றுக்கணக்கான மேற்கிந்தியத் தீவு மக்கள் இங்கிலாந்தில் கரை இறங்கினார்கள். யுத்தத்தில் அடிபட்டுக் கிடந்த அந்த நாட்டுக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. தங்க இடமில்லாதவர்களுக்கு, கிளாப்பம் சவுத் நிலையத்தின் அடியில் இருந்த யுத்தகாலப் பதுங்கிடத்தில் படுக்கை கொடுத்தார்கள். பக்கத்து வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனில் இருந்தது. வேலை தேடி அங்கே போனவர்கள் அக்கம்பக்கத்திலேயே வாடகைக்கு இடம் பிடித்தார்கள்.

1956-ல் லண்டன் போக்குவரத்து நிர்வாகம் பார்படாஸ் தீவுக்கே ஆள் அனுப்பி வேலைக்குத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியது. கப்பல் கட்டணத்தை அந்தத் தீவின் அரசு கடனாகக் கொடுத்தது. வந்தவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அந்தக் கடனை அடைத்தார்கள். நிலையச் சிப்பந்தி, பஸ் கண்டக்டர், கேன்டீன் ஊழியர் என்று கிடைத்த வேலையைச் செய்தார்கள். லண்டன் ரயிலும் பஸ்ஸும் ஓடியதில் அவர்கள் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அழிக்கப்பட்ட கார்டுகள்

அப்படிக் கரை இறங்கியவர்களைப் பற்றி அதிகாரிகள் 'லேண்டிங் கார்டு' என்ற அட்டையில் குறித்து வைத்தார்கள். யார், எந்தத் தேதியில் வந்தார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. 1973 ஜனவரிக்கு முன் வந்து குடியேறியவர்கள் நிரந்தரமாகத் தங்கலாம் என்பது சட்டம். ஆனால் அந்த உரிமைக்கான பத்திரத்தை யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. 2010-ல் பழைய கார்டுகளும் அழிக்கப்பட்டன.

அதன் பிறகு விதிகள் கடுமையாயின. வேலையில் இருக்கவும், வாடகைக்கு வீடு எடுக்கவும், ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறவும் அத்தாட்சி கேட்டார்கள். சிறு வயதில் தாய் தகப்பனோடு வந்து, ஐம்பது வருடம் உழைத்து வரி கட்டியவர்கள் கையை விரித்து நின்றார்கள். பலருக்கு வேலை போயிற்று. குறைந்தது 83 பேர் தவறாக நாட்டை விட்டு அனுப்பப்பட்டதாக அரசே பின்னர் ஒப்புக்கொண்டது. 2018 ஏப்ரலில் உள்துறை மந்திரி ஆம்பர் ரட் ராஜினாமா செய்தார்.

அதே ஆண்டில்தான் பிரிக்ஸ்டன் வாசலில் இந்த ஓவியம் ஏறியது. ஓவியத்தின் பெயருக்கு அப்போது எத்தனை கனம் இருந்திருக்கும் என்பதை, பிற மாநிலத்தில் இருப்பிடச் சான்றுக்காக ஜன்னல் ஜன்னலாக நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புகைப்படத்தால் ஒரு சுவர்

இந்த ஓவியர் கையாளும் முறை தனி. 'கொலாஜ்' எனப்படும் ஒட்டு ஓவியத்தையும் தூரிகை வேலையையும் கலந்து செய்கிறார். குடும்ப ஆல்பப் படங்கள், பத்திரிகைப் படங்கள், இசைத்தட்டு உறைகள் ஆகியவற்றைத் தேடி எடுத்து நகல் எடுக்கிறார். நகலைப் பெரிய காகிதத்தின் மேல் கவிழ்த்து வைத்து, அசிட்டோன் போன்ற திரவத்தைத் தடவித் தேய்க்கிறார். மை நகலை விட்டுக் காகிதத்தில் இறங்கிவிடும். படம் சற்று மங்கலாக, பழைய நினைவு போல, தங்கும். அதன் மேலும் பக்கத்திலும் வர்ணம் தீட்டி ஆட்களையும் நாற்காலிகளையும் அமைக்கிறார்.

எட்ட நின்றால் தெரிவது ஓர் அறை. கிட்டப் போனால் சுவரிலும் தரையிலும் ஆடையிலும் எத்தனையோ முகங்கள். கூடியிருப்பவர் நாலு பேரானாலும், அவர்களுக்கு முன் வாழ்ந்தவர்கள் அறை முழுவதும் நிறைந்திருக்கிறார்கள். பிரிக்ஸ்டன் ஓவியத்துக்காக அந்த வட்டாரத்து ஆவணக் காப்பகங்களில் உள்ள பழைய படங்களைப் பார்த்து வேலை செய்தார்.

ஒரே பெயரில் இரண்டு ஊர்

ஜிடேகா 1983-ல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்தவர். தாயார் டோரா அகுன்யிலிக்கு அமெரிக்கக் குடியேற்ற உரிமை குலுக்கலில் கிடைத்ததால், 1999-ல், 16 வயதில், அமெரிக்கா சென்றார். டாக்டராகும் எண்ணத்தோடு படிக்கப் போனவர் ஓவியத்துக்குத் திரும்பினார். 2011-ல் யேல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 2017-ல் மெக்ஆர்தர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது.

யேல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் நியூ ஹேவன். எனுகு நகரிலும் நியூ ஹேவன் என்று ஒரு பேட்டை உண்டு. 2012-ல் அவர் உறவினர் கூடியிருக்கும் அறை ஒன்றை வரைந்து, '5, உமெசெபி தெரு, நியூ ஹேவன், எனுகு' என்று விலாசத்தையே பெயராக வைத்தார். படிப்பது ஒரு நியூ ஹேவனில். மனம் இருப்பது இன்னொரு நியூ ஹேவனில்.

நைஜீரியாவில் கல்யாணம், இறுதிச் சடங்கு, தேர்தல் எதுவானாலும், உரியவரின் முகம் அச்சிட்ட துணியை உடுத்தி மக்கள் கூடுவது வழக்கம். தாயாரின் முகம் பதித்த துணியும் ஜிடேகாவின் ஓவியங்களில் இடம்பெற்றுள்ளது. போலி மருந்து வியாபாரிகளை எதிர்த்துப் போராடிப் பெயர் பெற்ற அந்த அம்மையார், 2014-ல் இந்தியாவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார். அவருடைய நினைவு நிகழ்ச்சிக்குப் போய்த் திரும்பிய தந்தையார், 2021-ல் ஆயுதக் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் இல்லாத இந்நாளில் அந்தப் படங்களின் மதிப்பு மகளுக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

சந்தை போடும் மதிப்பு வேறு. 2017 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் அவருடைய ஓவியம் ஒன்று சுமார் 30 லட்சம் டாலருக்குப் போயிற்று. ஏலத்தில் வரும் பணம் விற்பவருக்குச் சேர்வது.

சுவரில் அவர் பதிக்கும் படங்களில் பல, எந்த வீட்டிலும் கிடைக்கக்கூடிய கல்யாணப் படங்களும் பந்திப் படங்களுமே. அலுவலகக் கார்டு அழிந்த பிறகும் வீட்டு ஆல்பம் பேசும். ஆனால் அது பேசுவதற்குப் பெயர் வேண்டும். பெட்டியில் கிடக்கும் பழைய படங்களை ஒரு நாள் வெளியே எடுத்து, நிற்பவர் யார், ஊர் எது, வருஷம் எது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பது நல்லது. அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.