தட்டில் இருப்பது யாருடைய விளைச்சல்?

கல்முனையில் பின்னேரம் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தால், கேட்காமலே ஒரு தட்டு முன்னால் வந்துவிடும். ரோல்ஸ், கட்லட், பற்றிஸ், வாய்ப்பன் எல்லாம் அதில் இருக்கும். சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு கொடுத்துவிட்டு எழும்பலாம். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தத் தட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் கோதுமை மா. மேற்கே சில மைல் போனால் கல்லோயா நீர் பாயும் நெல்வயல்கள். கடைத் தட்டிலோ கப்பலில் வந்திறங்கிய தானியம்.

இந்த மா எமக்கு எப்படிப் பழகியது? அமெரிக்க உதவியாக வந்த மா, 1980இல் திருகோணமலையில் இயங்கத் தொடங்கிய பிறிமா ஆலை, பிறகு நிவாரணப் பங்கீடு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. 1990இலும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின்னரும் முகாம்களில் இருந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 2022இல் மாவின் விலை ஏறியபோது பாண்கூட எட்டாத பொருளாயிற்று.

சில வருடங்களுக்கு முன்னர் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 'அம்மாச்சி' உணவகத்தில் சாப்பிட நேர்ந்தது. விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில், யுத்தம் முடிந்த பின் வடக்கில் தொடங்கப்பட்ட உணவகம் அது. சிங்களப் பகுதிகளில் இதையே 'ஹெல பொஜுன்' என்பர். கட்டடம் திணைக்களத்துடையது. உள்ளே பெண்கள் தனித்தனி அடுப்பில், எம் கண்முன்னே சமைக்கிறார்கள். கோதுமை மாவுக்கு அங்கே இடமில்லை. குரக்கன் புட்டு, உழுந்து வடை, வாழைப்பூ வடை, இலைக்கஞ்சி, பழச்சாறு என்று சின்னச் சின்னத் தட்டுகள். நான்கு பேரிடம் நான்கு தட்டு வாங்கினால் வயிறு நிறைந்துவிடும், பெரிய செலவுமில்லை. சைவ உணவு ஆகையால் இஸ்லாமியரும் இந்துக்களும் ஒரே மேசையில் தயக்கமின்றி இருக்கலாம். (மீன் இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் எமது கரையில் அநேகர். நானும் அவர்களில் ஒருவன். ஆயினும் அன்று மீனை நினைக்கவில்லை.)

என் மனதில் நின்றது ருசியைவிட வேறொன்று. சமைத்த பெண்ணின் விற்பனைக் காசு அவரிடமே போய்ச் சேர்கிறது.

எமது ஊர்களின் நிலை என்ன? விடியுமுன் எழுந்து, அடுப்புப் புகையில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுக்கும் தாய்மார் எத்தனை பேர்! எண்ணிக் கணக்கு வைப்பவர் கடைக்காரர். மிஞ்சித் திரும்பி வந்தால் நட்டம் தாய்க்கு. கடைப் பலகையில் அவர் பெயரும் இல்லை. கத்தரியும் பயற்றையும் பயிரிடுவோர் கதையும் இதுவே. விளைச்சல் பெருகும் கிழமையில் சந்தையில் விலை விழும். பழுத்து வீணாகும் பப்பாசி, ஆட்டுக்குப் போகும் முருங்கையிலை, எவரும் விலை கேளாத மரவள்ளி, இவையெல்லாம் அவித்தோ பொரித்தோ தட்டில் வைத்தால் விலைபோகும் பொருட்களே.

வயலை இழந்து வந்தவர்களுக்கு இது வயலுக்கு ஈடாகும் என்று நான் சொல்ல வரவில்லை. காணி காணிதான், அந்தக் கோரிக்கையைக் கைவிட வேண்டாம். அம்மாச்சிக்கு அரசின் கட்டடமும், சனம் போய்வரும் தெருவும் கிடைத்தன. அவை இல்லாத இடத்தில் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்ப்பதும் பிழை. ஆனாலும் எமக்கென்று ஒரு பலம் உண்டு. இக்கரையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் சீதன வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே இருக்கிறது. வீட்டைச் சுற்றியுள்ள வளவு பத்துப் பேர்ச்சஸ் ஆனாலும் அது அவருடையது. அதில் விளைவதை என்ன செய்வதென்று அவரே தீர்மானிக்கலாம்.

நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கிழமையில் ஒரு நாள், சந்தை நாளில், ஒரு மேசை போட்டுப் பாருங்கள். ஒருவர் குரக்கன் ரொட்டி, ஒருவர் அவித்த கிழங்கும் சம்பலும், ஒருவர் கஞ்சி. ஒரே பலகாரத்தை எல்லோரும் செய்தால் போட்டியும் மனத்தாங்கலும்தான் மிஞ்சும். சுத்தம், அனுமதி பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முற்கூட்டியே கேளுங்கள். விதைக்கும் பயிற்சிக்கும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடலாம். அன்றன்றைய கணக்கை அன்றிரவே, அவரவர் கொப்பியில், அவரவர் கையாலேயே எழுதி வையுங்கள்.