கடைசிக் குழாயில் குளோரின் இருக்கிறதா?

ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கில், அதற்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். வாந்திபேதியும் டைபாய்டும் ஊருக்குள் நுழையாமல் தடுப்பதில் பெரும்பங்கு இந்தத் தூளுக்கு உண்டு.

தூளை அப்படியே தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளி நிறையக் கரைத்து, அசையாமல் வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்து நிற்கும் நீரில்தான் குளோரின் இருக்கிறது. தொட்டி ஆபரேட்டர் அதை மட்டும் ஊற்றிக் கலந்து, அரை மணி நேரமாவது பொறுத்து வால்வைத் திறக்க வேண்டும். கிருமிகள் சாக அந்த அவகாசம் தேவை. தூளும் வீரியத்தோடு இருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்து ஈரமான மோட்டார் அறையில் மாதக்கணக்கில் போட்டுவைத்தால் குளோரின் ஆவியாகிப் போய்விடும். அப்புறம் 4 கிராம் கணக்குக்கு அர்த்தமில்லை.

போட்ட குளோரின் முழுவதும் கிருமிகளை மட்டும் தாக்குவதில்லை. நீரில் கரைந்த இரும்பு, பாசி, இலைதழை, குழாயின் உட்சுவரில் படிந்த வழுவழுப்பு எல்லாம் அதைத் தின்னும். தின்றது போக மிஞ்சுவதற்கு எஞ்சிய குளோரின் என்று பெயர். குழாயில் வரும் நீரில் அது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு வேண்டிய இடத்தில் 0.5.

கிருமியைக் கொன்ற பிறகும் மிச்சம் எதற்கு? நம் ஊர்க் குழாய்களுக்காகத்தான். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும், பிறகு நின்றுவிடும். நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் விழுகிறது. மண்ணின் ஈரம், பக்கத்துச் சாக்கடைக் கசிவு எல்லாம் விரிசல் வழியே உள்ளே இழுபடுகிறது. வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் இதை இன்னும் மோசமாக்குகிறார்கள். தன் தொட்டி நிறையட்டும் என்று ஒருவர் போடும் சுவிட்ச், தெருவுக்கே சாக்கடையை அழைத்து வரலாம். அப்படி நுழைந்ததை எதிர்க்கக் குழாய்க்குள் இருக்கும் ஒரே காவல் அந்த 0.2 மில்லிகிராம். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று புகார் செய்கிறோம். லேசான அந்த வாடை இல்லாத நாளில்தான் கவலைப்பட வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குளோரினால் ஃபுளோரைடை ஒன்றும் செய்ய முடியாது, கொதிக்க வைத்தாலும் அது போகாது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரி நீரைக் கொண்டுபோக வேண்டி வந்தது அதனால்தான்.

குளோரினைச் சோதிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. குளோரோஸ்கோப் பெட்டியில் உள்ள சிறு கண்ணாடிக் குழாயில் நீர் பிடித்து, ஆர்த்தோடாலிடின் சில சொட்டு விட்டால் மஞ்சளாகும். பக்கத்திலுள்ள நிற அளவோடு ஒப்பிட்டால் விடை வந்துவிடும். சொட்டு விட்ட சில நொடிகளுக்குள் பார்ப்பது முக்கியம். தாமதித்தால், அம்மோனியாவோடு கூடி வலுவிழந்த குளோரினும் நிறம் காட்டி, இருப்பதைவிட அதிகம் இருப்பதுபோல் ஏமாற்றும். புதிய பெட்டிகளில் டி.பி.டி. வருகிறது, அதில் நிறம் இளஞ்சிவப்பு.

மலக்கிருமி கலந்திருக்கிறதா என்பதற்கு வேறொரு குப்பி உண்டு. குவாலியரில் மஞ்சா, மௌரியா, ராவ் ஆகியோர் உருவாக்கி 1982இல் வெளியிட்ட முறை அது. குடலில் வாழும் சில வகைப் பாக்டீரியாக்கள் நீரில் இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும்; அது குப்பிக்குள் உள்ள இரும்போடு சேர்ந்து கறுக்கும். மலிவானது, எளிதானது. ஆனால் கறுக்க ஒரு நாள், சமயத்தில் இரண்டு நாள் ஆகும். அதற்குள் ஊரே அந்தத் தண்ணீரைக் குடித்து முடித்திருக்கும். குளோரின் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அன்றைய தண்ணீரை அன்றே நிறுத்தலாம், மருந்தைக் கூட்டலாம், கசிவைத் தேடலாம்.

எங்கே சோதிக்கிறோம் என்பதில்தான் எனக்கு ஆதங்கம். தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில் 0.5 இருப்பதில் வியப்பில்லை. தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் பல ஊர்களில் காலனியும் புதிதாக மனை பிரித்த பகுதியும்தான். அழுத்தம் அங்கேதான் குறைவு, குளோரினும் அங்கேதான் தீர்ந்துபோகும். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குப் பரிசோதனைப் பெட்டியும் பயிற்சியும் தர ஏற்பாடு இருக்கிறது. அவர்கள் முதலில் போக வேண்டியது அந்தக் குழாய்க்கு. அங்கே எடுத்த அளவைத் தேதியோடு ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்கச் சொல்லி, அடுத்த கிராமசபையில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.